மருந்து என்று எழுதிய டின்

கதிர்வேலு, நீ வண்டியில் கொடுத்தனுப்பிய டின் முந்தாநாள் வந்து சேர்ந்தது. நான் திறக்கவில்லை. வீட்டுக்குள்ளும் கொண்டுவரவில்லை. களத்து மேட்டில் வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம், பழைய அண்டாவைக் கவிழ்த்து அதற்கு அடியில் வைத்து, மேலே உடைந்த அம்மிக்கல்லையும் தூக்கி வைத்திருக்கிறேன். கூடவே நீ அனுப்பிய சீட்டையும் படித்தேன். "வெள்ளிக்கெழம நாங்க வர்றதுக்குள்ள பரண்ல கீற தொட்டில எறக்கி, இடுக்கு இடுக்கா இந்த மருந்தத் தூவி வைங்கப்பா. பாய்லயும் தூவுங்க. ஒரு மூட்டப்பூச்சி மிஞ்சாது. நான் தெனம் கையால அள்ளிதான் நிறுத்துக் குடுக்குறேன், எனக்கு இன்னா ஆயிடுச்சி?" என்று எழுதியிருக்கிறாய். காது குத்தலுக்கு வருகிற என் பேத்திக்குப் பத்து மாசம். அவள் படுக்கப்போகிற தொட்டிலில் தூவச் சொல்கிறாய். இன்றைக்குத் திங்கள். இந்தக் கடிதம் நாளை உன் கைக்கு வந்துவிடும். கடையில் ஆள் நிற்கிறார்கள் என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே. முழுதும் படி, அப்புறம் உன் பெண்டாட்டியிடமும் படித்துக் காட்டு. படிக்காமல் வந்தால் குழந்தையை வண்டியிலிருந்து இறக்க விடமாட்டேன்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். வில்லியனூர்க் கடைத்தெருவில் பூச்சி மருந்துக் கடை போட்டு ஆறு மாசம் ஆவதற்குள் உனக்கு உலகத்துப் பூச்சியெல்லாம் அத்துப்படி ஆகிவிட்டது. உலகச் சண்டை முடிந்து கப்பலில் வந்து இறங்கிய சாமான் என்றால் அதில் குறையே இருக்காது என்று உனக்கு ஒரு எண்ணம். நான் அந்தப் பொடியையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஐப்பசியில் நம் கழனியில் நீயும் நானும் சேர்ந்துதானே தூவினோம்? மெல்லிசு துணியில் பொடியை மூட்டையாகக் கட்டி, அதைக் குச்சி முனையில் தொங்கவிட்டு, வரப்பு வரப்பாகத் தட்டிக்கொண்டே நடந்தோம். நீ காற்றுக்கு எதிரில்கூட நடந்தாய். உன் மீசையெல்லாம் வெள்ளையாகி, "யப்பா, எனக்கும் உன் வயசு வந்துடுச்சி பாரு" என்று கேலி செய்தாய். வேலை முடிந்ததும் வாய்க்காலில் கையை அலம்பிவிட்டு ரெண்டு கும்பா கூழ் குடித்தாய். சைக்கிள் ஏறி வெற்றிலை போட்டுக்கொண்டே ஊருக்குப் போனாய்.

நீ போன பிறகு நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. ஏரிக்கரை ஏறும்போதே தலை கனத்தது. நாலு அடி வைப்பதற்குள் வயிற்றைப் புரட்டியது. கையைப் பார்த்தால் விரல்கள் தனியாக ஆடுகின்றன, நான் ஆட்டவில்லை. கரையில் உட்கார்ந்தவன் சாய்ந்துவிட்டேன். மாடு ஓட்டி வந்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். உனக்கு ஆள் விட்டபோது நீ வந்து பார்த்துவிட்டு, "வெயிலு, வயசாவுதுல்ல" என்றாய். வயசாகிறது என்பது உண்மை. வெயில் என்பது உன் வியாபாரம் பேசிய பேச்சு. அன்றைக்கு மேகமூட்டம், மறந்துவிட்டாயா?

பாகூர் ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப் போனது உன் அம்மாதான். அந்த டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "கூட யாரு தூவுனது, அவருக்கு எத்தன வயசு?" என்று. இருபத்தாறு என்றேன். "அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காதே" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். உள்ளே போகிற விஷத்தை ஈரலும் சிறுநீரகமும் கழுவிக்கொண்டே இருக்கிறதாம். உன் வயசில் அது வேகமாகக் கழுவுகிறது. என் வயசில் அது களைத்துப் போய்விட்டது, போனது போனபடி தங்குகிறது. குழந்தைக்கோ அந்தக் கழுவுகிற வேலை இன்னும் சரியாகப் படியவே இல்லை. அதோடு குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறது, அதன் எடையோ நம் எடையில் ஒரு மூலைக்கு வராது. நாம் நின்றுகொண்டு தூவுகிறோம், தூவியது எங்கே போய் இறங்குகிறது? தரையில். தவழ்கிற பிள்ளைக்குத் தரைதான் சோற்றுத் தட்டு. கையை ஊன்றும், அந்தக் கையையே வாயில் வைக்கும். உனக்குக் கழனி பாஷையில் சொன்னால்தான் ஏறும். ஒரே மழைதான் பெய்கிறது. நாற்றங்காலில் பெய்தால் நாற்று முழுகி அழுகுகிறது. நட்டு வேர் பிடித்த பயிரில் பெய்தால் அது தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. முற்றிய கதிரில் பெய்தால் சாய்த்துப் போடுகிறது. நீ நடுவில் நிற்கிற பயிர். நடுவில் நின்றுகொண்டு, மழையே ஒன்றும் செய்யாது என்று நாற்றங்காலுக்குச் சீட்டு எழுதுகிறாய்.

அந்த டாக்டர் சீசாவில் ஒரு மருந்து கொடுத்தார், என் வயிற்றுக்கு. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா அதை ஒரு மூடி ஊற்றினாள். என்னிடம் நீட்டவில்லை. தான் குடித்தாள். குடித்துவிட்டு முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு படி அரிசியில் கல் பொறுக்கி முடித்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு ஊற்றினாள். இது உனக்குப் புதுசு இல்லை. நீ பத்துப் பன்னிரண்டு வயசில் காய்ச்சலில் கிடக்கும்போதெல்லாம் அவள் இப்படித்தான் செய்வாள். "கசக்குதுன்னா எனக்குக் குடு, நீயே குடிச்சிக்கினா எனக்கு எப்பிடி சரியாவும்?" என்று நீ கத்துவாய். "கொஞ்சம் பொறுடா" என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பைத்தியக்காரி என்று நானும் உன்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொன்ன பிறகு என்னை என்ன நினைப்பாயோ தெரியாது. நினைத்துக்கொள்.

உன் தங்கை அஞ்சலை வாந்திபேதியில் போகவில்லை.

பதினேழு வருஷமாக இந்த ஒரு வரியை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு அப்போது ஒன்பது வயசு. அஞ்சலைக்கு இரண்டு முடிந்து மூன்று மாசம். அந்தக் குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது, வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று உன் அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உனக்கு முன்னே ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களே, காகிதத்தில் மடித்த வெள்ளைப் பொடி, அதை வாங்கிவரச் சொன்னாள். அன்றைக்கு நான் பாகூர் போனது வேறு வேலைக்கு. நட்டிருந்த கரும்புக் கரணையைக் கரையான் தின்றுகொண்டிருந்தது. என் மனசு முழுக்கக் கரும்புதான். கடைக்காரர் ஒரு பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "பூச்சி மருந்து. பாஷாணம் கலந்தது, பள்ளத்துல தூவிட்டு கையை நல்லா கழுவு" என்றார். அவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் திரும்பி வந்தேன். குழந்தை மருந்து ஞாபகமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை மாடத்தில் வைத்தேன். கரும்புக்குத் தண்ணீர் திறக்கிற முறை அன்றைக்கு நமக்கு, நேரம் தவறினால் பக்கத்துக் கழனிக்காரன் மடையைத் திருப்பிவிடுவான். நான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படி இறங்கும்போது உன் அம்மா கொல்லையிலிருந்து கேட்டாள், "இன்னாங்க, பூச்சி மருந்து வாங்கியாந்தீங்களா?" என்று. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆங், மாடத்துல கீது" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அவள் கேட்டது ஒரு பூச்சி, நான் சொன்னது ஒரு பூச்சி. வயிற்றுப் பூச்சிக்குக் கொடுப்பதும் மருந்து, கரையானைக் கொல்வதும் மருந்து என்று ஒரே பேரை வைத்துக்கொண்டு நாம் குடித்தனம் நடத்துகிறோம். இன்னும் நாலு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு? கரும்புக்கு என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும்.

பூச்சி மருந்து விடிந்ததும் வெறும் வயிற்றில் கொடுப்பது வழக்கம். மறுநாள் நான் கழனியில் இருந்தேன், வீட்டில் நடந்தது பின்னால் உன் அம்மா சொல்லித் தெரிந்தது. அவள் வெல்லத்தில் பொடியைப் பிசைந்து உருட்டினாள். அஞ்சலைக்கு மட்டும் வெல்லம் என்றதும் நீ குதித்தாய். சரி, உனக்கும் பூச்சி இருக்கும் என்று உனக்கும் சேர்த்தே உருட்டினாள். அதையும் நீ அளவு பார்த்து, "அவுளுக்கு மட்டும் பெருசா?" என்றாய். அவள் சரிபாதியாகப் பிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை ராசா. ஒன்பது வயசுப் பிள்ளை வெல்லத்துக்குச் சண்டை போடாமல் வேறு எதற்குப் போடும்? சமமாகப் பிட்டதைத்தான் நீ பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே வெல்லம், ஒரே பொடி, ஒரே அளவு. நீ மூன்று நாள் வாந்தி எடுத்து, தோல் உரிந்து, எலும்பாகி எழுந்து உட்கார்ந்தாய். அவள் மாடு வீடு திரும்புகிற வேளைக்குள் போய்விட்டாள்.

என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தபோது வாசலில் கூட்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் அப்போது பேதி கண்டிருந்தது. "இங்கியும் வந்துடுச்சி" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயிற்றால் போவதும் வாந்தியும் பார்த்தால் பேதி மாதிரியேதான் இருந்தது. நான் குழந்தையைப் பார்க்கும் முன் மாடத்தைப் பார்த்தேன். பொட்டலம் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது, பாதிதான் இருந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பேதி என்று சேதி போனதால் கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து வைத்தியர் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். அவர் அஞ்சலையின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "காலையில கொழந்தைக்கு இன்னா குடுத்தீங்க?" என்று கேட்டார். உன் அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "பழைய சோறுதாங்க" என்றேன்.

அப்போது அஞ்சலைக்கு உயிர் இருந்தது, கதிர்வேலு. என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார், பிழைத்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் இத்தனை வருஷமாக என்னைத் தின்கிறது. போலீஸ் வரும், கொம்யூன் தலைவர் மேர் விசாரிப்பார், பெற்றவளே விஷம் வைத்தாள் என்று உன் அம்மாவைக் கொண்டுபோவார்கள், அவளைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பொட்டலத்தை வாங்கி வந்தது நான், மாடத்தில் வைத்தது நான், என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மூடினேன். பேதிப் பிணம் என்று அவசர அவசரமாக எடுத்துப்போய்விட்டார்கள். பொட்டலத்தைக் கரும்புக் கழனியில் புதைத்தேன். அந்தக் கரும்பை வெட்டாமல் அப்படியே காயவிட்டது ஏன் என்று நீகூட ஒரு தடவை கேட்டாய், நான் உன்னை அறைந்தேன். அந்த அறைக்கும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் அந்தச் சீசா மருந்தை அவள் முதலில் குடித்துவிட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள் இல்லையா, அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்கிறாய் என்று. அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பதினேழு வருசமா கேக்காதவரு இன்னிக்கி கேக்குறீங்க" என்றாள். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "அன்னிக்கி நான் மொதல்ல தின்னு பாக்கல" என்றாள். அவளே மேலே சொன்னாள். "பொட்டலத்த மடிச்சி மாடத்துல வச்சது நானு. சாயந்தரம் பாத்தா காணம். பேதியில செத்த கொழந்த வூட்டுல மருந்துப் பொட்டலம் எதுக்குங்க காணாமப் போவணும்?" நான் அழுதேன். அவள் அழவில்லை. அவள் அழுது முடித்து எவ்வளவோ காலம் ஆகிறது, எனக்குத் தெரியாமலே. "கொல்லையில நின்னு கேட்டப்ப நீங்க திரும்பி என் மூஞ்சியப் பாத்து சொல்லியிருந்தா போதும்" என்றாள். பதினேழு வருஷத்தில் அவள் என்மேல் சொன்ன குற்றம் அது ஒன்றுதான்.

இப்போது உன் சீட்டுக்கு வருகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீ எழுதியிருக்கிறாயே, உன் அம்மா செய்ததும் அதையேதான். தான் குடித்துப் பார்த்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் உனக்குக் கொடுத்தாள். பெற்ற வயிறு எரிந்து செய்தாள், ஆனாலும் அது தப்புக் கணக்கு. அன்றைக்கு அந்த வெல்லத்தில் ஒரு துளி அவள் தின்று பார்த்திருந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, தைரியமாக அஞ்சலைக்கு ஊட்டித்தான் இருப்பாள். டாக்டர் சொன்னதை வைத்து இதை நான் அவளிடம் எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் இடிந்து உட்கார்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வளர்ந்த உடம்பைக் காட்டிப் பிஞ்சு உடம்புக்கு ஜாமீன் கொடுக்காதே. உன் கடைக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொல். வீட்டில் கைக்குழந்தை உண்டா, வயசானவர்கள் உண்டா, வயிற்றுப் பிள்ளைக்காரி உண்டா என்று கேட்காமல் ஒரு பொட்டலம் மடிக்காதே. வியாபாரம் குறையும் என்றால் குறையட்டும். தூவிய துணியோடு வந்து குழந்தையைத் தூக்குகிற வழக்கம் உனக்கு உண்டு, போன தடவை பார்த்தேன். இனிமேல் குளித்துவிட்டுத் தூக்கு. கடையில் கொதிக்கிற டீயை வாயில் ஊற்றுகிற அவசரத்தில் அந்தக் கையாலேயே பன்னைப் பிட்டுத் தின்னாதே. நீயும் எப்போதும் இருபத்தாறிலேயே இருக்கப் போவதில்லை.

தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது. அது அஞ்சலை படுத்த தொட்டில். இடுக்கிலெல்லாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, இரண்டு நாளாகக் களத்து வெயிலில் கிடக்கிறது, இன்னும் மூன்று நாள் கிடக்கும். மூட்டைப்பூச்சி எல்லாம் அந்த வெந்நீரிலேயே போயிற்று. ஒன்றிரண்டு தப்பியிருந்தால் உன் அம்மா விளக்கை வைத்துக்கொண்டு கையாலேயே நசுக்கிக்கொள்வாள், அவளுக்கு வேறு வேலை இல்லை. வெள்ளிக்கிழமை நீ வெறுங்கையோடு வா. போகும்போது உன் டின்னை எடுத்துக்கொண்டு போ.

அந்த டின்னைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அதன்மேல் தமிழில் அச்சடித்த தாள் ஒட்டியிருக்கிறது. இன்று காலையில் உன் அம்மா அண்டாவை நகர்த்தச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அடுப்புக்கரித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல மருந்துன்றது எது?" என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். அந்தச் சொல்லின்மேல் கரியால் தேய்த்தாள், தாள் கிழிகிற மட்டும் தேய்த்தாள். "விஷம்னு எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"அத எழுதுனா அவன் சிரிப்பான்" என்றாள். கரித்துண்டை என் கையில் கொடுத்தாள். "அஞ்சலைன்னு எழுதுங்க."

எழுதியிருக்கிறேன்.